த்ரஸ்ட் ரிவர்சர் வயரிங்கில் கட்டாய மாற்றம்: ஏடி கையில் கிடைத்ததிலிருந்து கையெழுத்து வரை

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து விமானப் பராமரிப்புப் படிக்கப் போகும் பிள்ளைகளில் சிலர், படிப்பு முடிந்ததும் பெரிய ஏர்லைன்ஸில் சேராமல் பிசினஸ் ஜெட் பார்க்கும் சின்ன ஹேங்கரில் போய் உட்காருகிறார்கள். ஏடி (Airworthiness Directive) என்பது விமானத்தில் பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யச் சொல்லும் கட்டாய உத்தரவு. ஏர்லைன்ஸில் ஏடியைப் படிக்க ஒரு பிரிவு, பொருள் வாங்க ஒரு பிரிவு, வேலை அட்டை எழுத ஒரு பிரிவு என்று தனித்தனியாக இருக்கும். சின்ன ஹேங்கரில் அதெல்லாம் நான்கைந்து பேர் தலையில்தான் விழும். காலையில் ஏடியைப் படித்தவரே மத்தியானம் கிரிம்ப் அடிப்பார் (வயர் முனையில் உலோகப் பின்னை அழுத்திப் பொருத்துவார்), சாயங்காலம் சோதனைக்கு நசெல் (எஞ்சின் கூடு) பக்கத்தில் நிற்பார். இந்த வழிகாட்டி அவர்களுக்காக. சிப்காட் ஆலையிலோ நெய்வேலியிலோ கன்ட்ரோல் பேனல் வயரிங் பார்த்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கும் உதவும். இதைப் படித்துவிட்டு நேராக விமானத்தில் கை வைக்கக் கூடாது. அந்தந்த மாடலின் மேனுவலும் சர்வீஸ் புல்லட்டினும் (தயாரித்த கம்பெனி அனுப்பும் வேலைக் குறிப்பு) சொல்வதுதான் சட்டம். அவை ஏன் அப்படிச் சொல்கின்றன என்பது புரிய இது.

எதைத் தடுக்கப் போகிறோம்

எஞ்சின் பின்னால் தள்ளும் காற்றை மறித்து முன்பக்கம் திருப்பிவிடுவதுதான் ரிவர்சர். சிடேஷன், லியர்ஜெட் வகை பிசினஸ் ஜெட்களில் எஞ்சினின் பின்முனையில் இரண்டு மூடிகள் விரிந்து எக்ஸாஸ்டை மறிக்கும். சேலஞ்சரில் நசெல்லின் ஒரு பகுதி பின்னால் நகர, உள்ளேயிருக்கும் சட்டங்கள் வழியாக ஃபேன் காற்று முன்னோக்கிப் பாயும். ஃபால்கன் 900-க்கு மூன்று எஞ்சின் இருந்தாலும் ரிவர்சர் நடு எஞ்சினில் மட்டும்தான்.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர். இந்த மாதிரிக் குட்டை ஓடுபாதையில் ரிவர்சர் இல்லாமல் ஜெட் இறங்கவே முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. காய்ந்த ஓடுபாதைக்குச் சான்றளிக்கும் இறங்கு தூரக் கணக்கில் ரிவர்சரைச் சேர்ப்பதே இல்லை. பிரேக்கும் ஸ்பாய்லரும் (இறக்கை மேல் எழும்பும் பலகைகள்) மட்டும்தான் கணக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில் பாதை நனைந்து கிடக்கும்போது ரிவர்சரின் உதவி நன்றாகவே தெரியும், அது வேறு விஷயம். ஆக, ரிவர்சர் திறக்கவில்லை என்பது பல நேரங்களில் சமாளிக்கக்கூடிய குறை. கேட்காத நேரத்தில் திறப்பதுதான் ஆளைக் கொல்லும்.

1991 மே 26 அன்று பாங்காக்கிலிருந்து கிளம்பிய லாடா ஏர் போயிங் 767 மேலேறிக்கொண்டிருந்தபோது இடது எஞ்சின் ரிவர்சர் விரிந்தது. 223 பேர் இறந்தார்கள். நடுவானில் ரிவர்சர் விரிந்தாலும் விமானி சமாளித்துவிடுவார் என்று அதுவரை நம்பியதற்கு ஆதாரம் குறைந்த வேகத்தில் செய்த சோதனை. அதிக வேகத்தில் இறக்கையின் தூக்குவிசை சட்டென்று எவ்வளவு போய்விடும் என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை. எந்த வயர், எந்த வால்வு காரணம் என்று இறுதிவரை உறுதிசெய்ய முடியவில்லை. அதன் பிறகுதான் அந்த வகை விமானங்களில் கூடுதலாக ஒரு பூட்டு வந்தது.

1996 அக்டோபர் 31, சாவோ பாவ்லோ. டாம் நிறுவனத்தின் ஃபோக்கர் 100 தரையை விட்டு எழும்பும்போது வலது ரிவர்சர் திறந்தது. ரிவர்சர் தானாகத் திறந்தால் த்ராட்டிலை (எஞ்சின் பவர் லீவரை) தானே ஐடிலுக்கு (மிகக் குறைந்த பவருக்கு) இழுக்கும் அமைப்பு அந்த விமானத்தில் இருந்தது. அது தன் வேலையைச் செய்தது. என்ன நடக்கிறது என்று தெரியாத விமானிகள் த்ராட்டிலை மறுபடி முன்னால் தள்ளினார்கள். விமானத்தில் 95 பேர், தரையில் 4 பேர், மொத்தம் 99 உயிர்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு, பிசினஸ் ஜெட் வேலைக்கு அதுதான் நெருக்கமானது. 2008 செப்டம்பர் 19, அமெரிக்காவின் தென் கரோலினாவில் கொலம்பியா விமான நிலையம். ஒரு லியர்ஜெட் 60 ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது காற்றுக் குறைந்திருந்த டயர்கள் வெடித்தன. சிதறிய துண்டுகள் சக்கரப் பகுதியில் அடித்ததில் 'விமானம் தரையில் இருக்கிறது' என்று சொல்லும் சிக்னல் போய்விட்டது. விமானிகள் நிறுத்துவதற்காக ரிவர்சரை இழுத்துப் பிடித்திருந்தார்கள். சிஸ்டமோ, விமானம் பறக்கிறது என்று நம்பி ரிவர்சரை மூடிவிட்டது. எஞ்சின் பவர் மட்டும் குறையாமல் நின்றது. நிறுத்தக் கேட்டவர்களை முன்னால் தள்ளியது. ஆறு பேரில் நால்வர் இறந்தார்கள். 2001-ல் அலபாமா மாநிலம் டிராய் நகரத்தில் இதே மாடல் மான் மேல் மோதி, அதே சிக்னல் போய், ரிவர்சர் மூடிக்கொண்ட சம்பவம் ஏற்கெனவே நடந்திருந்தது.

வானத்தில் திறக்கக் கூடாது, தரையில் மூடக் கூடாது. இரண்டையும் முடிவு செய்வது கொஞ்சம் ஸ்விட்சும் ரிலேயும் மெல்லிய வயரும்தான். அதனால்தான் இந்த வயரிங்கைத் தொடுகிற மாற்றங்கள் கட்டாயமாக வருகின்றன.

சர்க்யூட்டைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள்

மாடலுக்கு மாடல் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். 28 வோல்ட் டிசி பஸ்ஸிலிருந்து ஒரு சர்க்யூட் பிரேக்கர். அங்கிருந்து லேண்டிங் கியரில் இருக்கும் ஸ்குவாட் ஸ்விட்ச், அதாவது சக்கரத்தின் மேல் எடை இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச். அடுத்து த்ராட்டில் ஐடிலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச். இவை ஒத்துவந்தால் ஐசோலேஷன் வால்வு திறந்து ஹைட்ராலிக் அழுத்தம் ரிவர்சர் பக்கம் வரும். விமானி ரிவர்ஸ் லீவரைத் தூக்கினால் பூட்டுகள் விடுபட்டு, டிப்ளாய் (விரிக்கும்) சொலினாய்டுக்கு, அதாவது கரண்டில் இயங்கும் வால்வுச் சுருளுக்குக் கரண்ட் போய் மூடிகள் விரியும். காக்பிட்டில் ஆர்ம், அன்லாக், டிப்ளாய் என்று விளக்குகள் வரிசையாக வரும். சிடேஷன்களில் அவசரமாக மூட எமர்ஜென்சி ஸ்டோ ஸ்விட்ச் ஒன்றும் உண்டு.

படத்தில் பார்த்தால் வரிசையாக நான்கு காவலர்கள் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் டிப்ளாய் சொலினாய்டுக்குப் போகிற வயரை மட்டும் தனியாக யோசியுங்கள். அதே வயர்க்கட்டில் எப்போதும் 28 வோல்ட் ஓடுகிற இன்னொரு வயரும் போகிறது. கிளாம்ப் தளர்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து, செம்பு செம்பைத் தொட்டால் சொலினாய்டுக்குக் கரண்ட் நேராகப் போய்விடும். ஸ்குவாட் ஸ்விட்ச், ஐடில் ஸ்விட்ச், லீவர் எதையும் கேட்காது. ஹேங்கரில் இதை ஹாட் ஷார்ட் என்போம். ஐசோலேஷன் வால்வின் வயரும் அதே கட்டில் இருந்துவிட்டால் ஒரே உரசலில் இரண்டு காவலர்களும் காலி.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை தானாகப் புரியும். இரண்டு பூட்டின் வயரும் ஒரே கட்டில், ஒரே கனெக்டரில், ஒரே எர்த் புள்ளியில் போனால் படத்தில் எத்தனை பூட்டு வரைந்திருந்தாலும் அது ஒரு பூட்டுதான். அமெரிக்க விதி 25.933 ரிவர்சரைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. 25.1309-ன் கீழ், பேரழிவாக முடியும் கோளாறு நூறு கோடி பறக்கும் மணிக்கு ஒரு முறை என்ற அளவுக்கு அரிதாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும் 'இரண்டு கோளாறும் தனித்தனியாக வர வேண்டும்' என்ற அடிப்படையில் போடப்பட்டது. கைக்கு வசதி என்று இரண்டு கட்டையும் சேர்த்து ஒரு டை போட்டால், வடிவமைப்பாளர் வருடக்கணக்கில் போட்ட கணக்கை அந்த ஒரு டை அழித்துவிடும்.

முதல் படி: காகிதம்

இளைஞர்களுக்கு இந்தப் படியில் பொறுமை இருக்காது. ஆனால் ரிவர்சர் மாற்றத்தில் பாதி வேலை இங்கேதான்.

விமானத்தை வடிவமைத்த நாட்டின் விமானப் பாதுகாப்பு அமைப்பு ஏடி வெளியிடும். அமெரிக்க விமானத்துக்கு எஃப்ஏஏ, ஃபால்கனுக்கு ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ, சேலஞ்சருக்கு டிரான்ஸ்போர்ட் கனடா. இந்தியப் பதிவெண் உள்ள விமானத்துக்கு அந்த ஏடிகளைக் கட்டாயமாக்குவது இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ. கட்டாய மாற்றங்களுக்கென்றே டிஜிசிஏ விதித் தொகுப்பான சிஏஆர் (CAR) செக்‌ஷன் 2-ல் எம் வரிசை இருக்கிறது. கம்பெனி வெளியிடும் சர்வீஸ் புல்லட்டின் தனியாக நின்றால் அது பரிந்துரை. ஏடி அதைச் சுட்டிக் காட்டினால் அதுவே கட்டளை.

யாருக்குப் பொருந்தும் என்ற பத்தியைப் படிக்கும்போது விமானத்தின் சீரியல் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். எஞ்சின்கள் விமானம் விட்டு விமானம் மாறும், ரிவர்சர் அசெம்பிளியும் மாறும். ஏடி ரிவர்சரின் பார்ட் எண்ணைச் சொன்னால் நசெல்லைத் திறந்து டேட்டா பிளேட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பதிவேட்டை நம்பி எழுதக் கூடாது. இன்னொரு பொறியும் உண்டு. சில பிசினஸ் ஜெட்களில் ரிவர்சர் கம்பெனியிலிருந்து வந்ததே அல்ல, பிறகு வேறொரு நிறுவனத்தின் எஸ்டிசி (வடிவமைப்பை மாற்றத் தரும் துணை ஒப்புதல்) வழியாகப் பொருத்தியது. அந்த வயரிங் படம் விமானத்தின் மேனுவலில் இருக்காது, எஸ்டிசி துணை மேனுவலில்தான் கிடைக்கும். மேனுவலில் இல்லையே என்று தலையைச் சொறிவதற்கு முன் பழைய மாற்றப் பதிவுகளைப் புரட்டுங்கள்.

கெடுவைப் படிக்கும்போது 'எது முதலில் வருகிறதோ அது' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்குக் கொஞ்ச நேரமே பறக்கும் தனியார் ஜெட்டுக்கு மணிக்கணக்கு எட்டவே எட்டாது, காலண்டர் கெடு ஓசையில்லாமல் வந்து நிற்கும். முதலாளி 'இன்னும் நிறைய மணி பாக்கி இருக்கே' என்பார். அவரிடம் மாதத்தைக் காட்டுங்கள்.

சர்வீஸ் புல்லட்டினில் சில படிகளுக்கு ஆர்சி என்று குறி போட்டிருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தாக வேண்டும். கிளாம்பை அரை அங்குலம் தள்ளி வைத்தால் இடம் வசதியாக இருக்கும் என்று தோன்றினாலும், ஏஎம்ஓசி என்ற மாற்று ஒப்புதல் வாங்காமல் தள்ளக் கூடாது. குறி இல்லாத படிகளில் அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான முறையில் செய்யலாம். கடைசியாக, ரிவர்சரைப் பூட்டிவைத்துவிட்டுத் தற்காலிகமாகப் பறக்க ஏடி அனுமதிக்கிறதா, எத்தனை நாளைக்கு என்றும் பார்த்து வையுங்கள். பொருள் வரத் தாமதமானால் அந்த வரிதான் காப்பாற்றும்.

இரண்டாம் படி: பொருளும் கருவியும்

கிட் வந்ததும் பெட்டியைப் பிரித்து, புல்லட்டினில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். படிவம் 1 அல்லது 8130-3 என்ற தகுதிச் சான்று இல்லாத பொருள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே போகக் கூடாது.

வயர் விஷயத்தில் கடலூர் எலக்ட்ரீஷியன் பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். கேஜ் சரியாக இருந்தால் போதும் என்பது இங்கே செல்லாது. செம்பின் மேல் பூச்சு தகரமென்றால் 150 டிகிரி, வெள்ளியென்றால் 200, நிக்கலென்றால் 260 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். பைலானை (எஞ்சினை விமானத்தோடு பிணைக்கும் தாங்கியை) தாண்டி எஞ்சின் பக்கம் போகும் துண்டுக்கு எது வேண்டும் என்று புல்லட்டின் சொல்லியிருக்கும். அங்கே ஸ்டோரில் மீந்த வயரைப் போட்டால் முதல் கோடையிலேயே இன்சுலேஷன் மொறுமொறுத்துவிடும். பழைய விமானங்களில் கேப்டான் உறை போட்ட வயர் இருக்கும். உறை கீறி ஈரம் பட்டால் அது கரியாகி, பொறி வயர் நெடுகத் தாவிப் போகும். அதன் பக்கத்தில் புது வயரை நெருக்கி ஓட்டுவதற்கு முன் பழையதை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்.

கிரிம்ப் டூலின் கேலிபரேஷன் தேதி, பொசிஷனர் எண், செலக்டர் எண் மூன்றையும் வேலை அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: விமானத்தைச் செத்த நிலைக்குக் கொண்டுவருவது

பேட்டரி கனெக்டரைக் கழற்று. வெளிக் கரண்ட் வண்டியைத் தூர நிறுத்து. ரிவர்சரின் பிரேக்கர்களை இழுத்து, காலர் மாட்டி, சிவப்பு அட்டை கட்டு. சிப்காட் ஆலைகளில் பெர்மிட் போட்டு வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஹைட்ராலிக்தான் ஏமாற்றும். பம்ப் நின்றிருந்தாலும் அக்குமுலேட்டரில் அழுத்தம் தங்கியிருக்கும். மேனுவல் சொல்கிறபடி அதை வடித்துவிட்டு, கேஜைக் கண்ணால் பார்த்த பிறகே ரிவர்சருக்கு லாக்அவுட் பின் மாட்ட வேண்டும். மூடிகளுக்கு நடுவே கை வைத்து வேலை செய்பவர் தன் பின்னைத் தானே மாட்டட்டும், கொடியை வெளியே தொங்கவிடட்டும். அடுத்தவர் மாட்டியிருப்பார் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை, அந்த மூடிக்கு எலும்பு ஒரு பொருட்டே அல்ல.

நான்காம் படி: தொடுவதற்கு முன் பார்ப்பது

பேனலைத் திறந்ததும் முதலில் படம் எடுங்கள், பிறகு துடையுங்கள். துடைத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

பைலானுக்குள் டார்ச் அடித்து ஒரு கிளாம்பைப் பாருங்கள். ரப்பர் மெத்தை ஒரு பக்கம் தேய்ந்து, உலோகப் பட்டை வயரைத் தொடுகிற மாதிரி நிற்கும். அதற்கு நேர் கீழே கண்மை தடவிய மாதிரிக் கறுப்புப் பொடி. விரலால் தொட்டால் ஒட்டும். அந்தப் பொடி இருக்கிற இடத்தில் வயர் அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியை வயருக்குப் பின்னால் பிடித்து, மறுபக்கம் உறை மின்னுகிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தெரிகிற பக்கம் சுத்தமாக இருக்கும், அடிபட்டது பின்பக்கமாக இருக்கும்.

நம் கரையோரத்தில் நாள்கணக்கில் நின்ற விமானமென்றால் கனெக்டரின் உள்ளே பார்க்காமல் விடாதீர்கள். உப்புக்காற்று செம்பை என்ன செய்யும் என்று அறிய வேண்டுமானால் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கழித்துப்போட்ட படகு வயர் ஒன்றை வாங்கி உரித்துப் பாருங்கள். முனையிலிருந்து வெகுதூரம் உள்ளே வரை பச்சை ஏறியிருக்கும், வெளியுறையில் ஒரு கீறல்கூட இருக்காது. ஸ்குவாட் ஸ்விட்ச் கனெக்டர் சக்கரத்தின் பக்கத்தில், தண்ணீரும் சேறும் தெறிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தானே புயலோ ஃபெஞ்சல் புயலோ வந்து போன பிறகு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்த எந்த இயந்திரத்தையும் இப்படித்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருந்தது.

இருக்கும் வயரிங் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே மீட்டரால் தட்டிப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்தி வடிவமைத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். படத்தில் இல்லாத வயர் ஒன்றின் மேல் புது மாற்றத்தை ஏற்றுவது ஏடியை நிறைவேற்றியதாகாது.

ஐந்தாம் படி: வயரை ஓட்டுவது

இந்த இடத்தில் அவசரம் கூடாது.

புது ஹார்னஸை (தயாராகக் கட்டி வரும் வயர்த் தொகுப்பை) முதலில் கிளாம்ப் இறுக்காமல் முழு நீளத்துக்கும் படுக்கவைத்துப் பாருங்கள். எந்த வயர் எந்தக் கட்டில், கட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று புல்லட்டின் படம் காட்டும். டிப்ளாய் கட்டளை போகிற கட்டும் பூட்டு அல்லது ஐசோலேஷன் வால்வுக்குப் போகிற கட்டும் எங்காவது குறுக்கே சந்திக்கிறதா? சந்திக்கத்தான் வேண்டுமென்றால் அங்கே ஸ்லீவ் இருக்கிறதா, தனித்தனிக் கிளாம்ப் இருக்கிறதா? பழைய வயரைக் கட்டிலிருந்து உருவியதும் அந்த ஓட்டை காலியாக இருக்கும், புது வயரை அதிலேயே நுழைத்துவிடத் தோன்றும். மாற்றத்தின் நோக்கமே அதை அந்தக் கட்டிலிருந்து பிரிப்பதாக இருக்கும்போது இப்படிச் செய்தால் பெயர் மட்டும் மாறிய பழைய வயரிங்தான் மிஞ்சும்.

பொது அளவுகள் சில மனப்பாடமாக இருக்கட்டும், மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான். வளைவின் ஆரம் கட்டிலுள்ள பெரிய வயரின் வெளி விட்டத்தைப்போல் பத்து மடங்குக்குக் குறையக் கூடாது. இரண்டு கிளாம்புக்கு நடுவே கையால் லேசாக அழுத்தினால் தொய்வு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கன்ட்ரோல் கேபிளிலிருந்து மூன்று அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். எரிபொருள், ஹைட்ராலிக் குழாய்களுக்கு மேலேதான் வயர் போக வேண்டும், கசிந்தால் சொட்டு வயரில் விழக் கூடாது. கனெக்டருக்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது.

அதிர்வு அதிகமுள்ள இடத்தில் பிளாஸ்டிக் டை வேண்டாம், லேசிங் டேப் போட்டு முடிச்சுப் போடுங்கள். கட்டும்போது வயரின் உறை அமுங்கக் கூடாது. துளை போட வேண்டியிருந்தால் பக்கத்திலுள்ள கட்டுகளை மூடிவிட்டுப் போடுங்கள். ஒரு சிட்டிகை அலுமினியச் சுருள் கட்டுக்குள் விழுந்தால், நீங்கள் தடுக்க வந்த ஹாட் ஷார்ட்டை நீங்களே விதைத்ததாகிவிடும்.

எர்த் முனைகளை மறந்துவிடுகிறார்கள். இரண்டு தனிச் சர்க்யூட்டுக்கு இரண்டு தனி எர்த் புள்ளி கேட்டிருந்தால் அருகில் இருக்கிறதே என்று ஒரே போல்ட்டில் அடுக்கக் கூடாது. அந்த போல்ட் தளர்ந்தால் இரண்டு சர்க்யூட்டும் ஒன்றின் வழியாக ஒன்று திரும்பப் பார்க்கும். அப்போது ரிலே எந்தப் பக்கம் இழுக்கும் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆறாம் படி: முனை போடுவது

உரித்த பிறகு ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. பின்னில் நுழைத்ததும் பரிசோதனைத் துளையில் செம்பு தெரிய வேண்டும். கிரிம்ப் அடித்த பின் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கனெக்டரில் பின்னைச் செருகியதும் கிளிக் கேட்டால் மட்டும் போதாது, பின்னோக்கி லேசாக இழுத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி உட்கார்ந்த பின் ஹேங்கர் சோதனையில் தேறிவிடும், எஞ்சின் அதிர்வில்தான் பின்வாங்கும்.

பின் எண்ணை ஒருவர் படித்து, இன்னொருவர் கனெக்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பின்னில் டிப்ளாயும் 28 வோல்ட்டும் வராமலிருக்க நடுவே ஒரு காலிப் பின்னை வடிவமைப்பாளர் விட்டிருப்பார். 'காலியாத்தானே இருக்கு' என்று அதில் வேறெதையும் செருகாதீர்கள். கனெக்டரை இறுக்கச் சாதாரண பிளையர் கூடாது, மென்வாய் பிளையர் வேண்டும். லாக் வயர் போட்டு, டார்க் சீல் (இறுக்கியது தளர்ந்தால் காட்டிக்கொடுக்கும் வண்ணப் பூச்சு) கோடு இழுங்கள்.

ஏழாம் படி: சோதனை

கரண்ட் கொடுப்பதற்கு முன் தொடர்ச்சி, இன்சுலேஷன், பாண்டிங் (உலோக உடலோடு உள்ள மின் இணைப்பு) மூன்றையும் சோதியுங்கள். மெக்கர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதற்கு முன் இருமுனையிலும் எலக்ட்ரானிக் பெட்டிகளைக் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அவை பழுதாகி, செலவு லட்சக்கணக்கில் வரும்.

பிறகு செயல் சோதனை. திறக்கச் சொன்னால் திறக்கிறதா, மூடச் சொன்னால் மூடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கைகுலுக்குகிறவர்கள் பாதி வேலையோடு போகிறவர்கள். திறக்கக் கூடாத நேரத்தில் திறக்காமல் இருக்கிறதா என்பதுதான் இந்த மாற்றத்துக்கான சோதனை. மேனுவல் காட்டுகிற முறையில் விமானம் வானத்தில் இருப்பதாக சிஸ்டத்தை நம்பவைத்து லீவரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். த்ராட்டில் ஐடிலுக்கு மேலிருக்கும்போது தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தின் சிக்னல் மட்டும் போனால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். புல்லட்டின் கேட்கிற ஒவ்வொரு கோளாறையும் ஒவ்வொன்றாகக் காட்டி, எந்த விளக்கு வந்தது, எது வரவில்லை என்று எழுத வேண்டும். லியர்ஜெட் கதை நினைவிருந்தால், தரையில் விரிந்திருக்கும்போது சிக்னல் போனால் என்ன நடக்கிறது என்பதையும் விட்டுவிட மாட்டீர்கள்.

ஆள் பாதுகாப்பு இங்கேதான் அதிகம் வேண்டும். காக்பிட்டில் ஒருவர், நசெல் பக்கத்தில் ஒருவர், நடுவே ஹெட்செட். பேச்சு இப்படித்தான் இருக்க வேண்டும்:

'வலது ரிவர்சர் திறக்கப் போறேன். பின் கழட்டியாச்சா?'

'ரெண்டு பின்னும் என் கையில இருக்கு அண்ணே. ஏணி நகர்த்தியாச்சு, ஆள் யாரும் இல்ல.'

'திறக்கிறேன்.'

'திறந்துச்சு. ரெண்டு மூடியும் முழுசா.'

'சரி தம்பி, நான் சொல்ற வரைக்கும் அங்கேயே நில்லு. கை உள்ளே போகக் கூடாது.'

பின் என் கையில் இருக்கிறது என்பதுதான் பதில். 'கழட்டியாச்சு' என்று மட்டும் சொன்னால் யார் கழட்டினார், எத்தனை என்று மறுபடி கேளுங்கள்.

எட்டாம் படி: கையெழுத்து

இது உயிர்க்காப்பு வேலை என்பதால் வேலையில் கை வைக்காத இன்னொரு தகுதியாளர் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். பேனலை மூடிவிட்டு அவரைக் கூப்பிட்டால் அவர் பார்ப்பது பேனலைத்தான்.

ரிலீஸ் சான்றிதழில் ஏடி எண், திருத்த எண், சர்வீஸ் புல்லட்டினின் எந்தப் பதிப்பு, எந்தப் பத்தியின்படி நிறைவேற்றினீர்கள், அன்றைய மணி, லேண்டிங் கணக்கு எல்லாம் வர வேண்டும். 'ஏடி முடிந்தது' என்று ஒற்றை வரி எழுதினால் ஏர்வொர்த்தினஸ் ரிவ்யூவுக்கு (பறக்கும் தகுதிப் பரிசீலனைக்கு) வருகிறவர் அதை அப்படியே திருப்பிப் போடுவார். இந்த மாற்றத்தோடு ஏடி ஓய்ந்துவிட்டதா, இல்லை குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டுமா என்பதையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். வயரிங் படத்தைப் புதுப்பியுங்கள். ஃப்ளைட் மேனுவலுக்குத் துணைப் பக்கம் வந்திருந்தால் அது விமானத்துக்குள் போயிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். விளக்கு வரிசை மாறியிருந்தால் விமானியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சாவோ பாவ்லோவில் விமானிகளுக்கு இயந்திரம் என்ன செய்கிறது என்றே தெரியவில்லை.

ஸ்டோர் வேலை ஒன்று பாக்கி இருக்கும். பல ஏடிகளில், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பழைய பார்ட் எண்ணை எந்த விமானத்திலும் பொருத்தக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். அலமாரியில் பழைய ரிலேயோ ஹார்னஸோ 'பயன்படுத்தலாம்' என்ற பச்சை அட்டையோடு உட்கார்ந்திருந்தால் அடுத்த வருடம் அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டுவார்கள். கழற்றியதையும் மீந்ததையும் சேர்த்து, கனெக்டரை இரண்டாக வெட்டி, ஹார்னஸைத் துண்டுபோட்டு, ஸ்கிராப் பதிவில் எழுதிவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள்.